இருகை வாளும் அதன் பயிற்சியும்: மறுமலர்ச்சிக் கால வாட்கலையை மீட்பதில் கருவியின் இடம்

ஐரோப்பிய மறுமலர்ச்சிக் காலப் படைக்கலங்களுள் மக்களின் கற்பனையால் மிகுதியும் திரிக்கப்பட்டது இருகை வாளே எனலாம். ஆளுயரத்தை எட்டும் நீளத்தையும், இரண்டு கைகளும் இடைவெளி விட்டு அமையக்கூடிய பிடியையும், அகன்ற குறுக்குக் காப்பையும் அருங்காட்சியகத்தில் காண்போர், அதை ஏந்தியவன் அளவுகடந்த உடல்வலி உடையவனாக இருந்திருப்பான் என்றும், அவனது போர்முறை கண்மூடித்தனமான வெட்டாகவே இருந்திருக்கும் என்றும் எளிதில் முடிவு செய்துவிடுகின்றனர். ஆனால் 15ஆம் நூற்றாண்டு முதல் 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இத்தாலி, ஜெர்மனி, ஸ்பெயின், போர்ச்சுகல் ஆகிய நிலங்களில் எழுதப்பட்ட வாட்கலை நூல்கள் இம்முடிவுக்கு இடந்தருவதில்லை. அந்நூல்களை ஆசானாகக் கொண்டு பழைய வாட்கலையை மீண்டும் பயிலும் முயற்சி இன்று பல நாடுகளில் நடைபெறுகிறது. அம்முயற்சியில் இறங்குவோர் முதலில் எதிர்கொள்ளும் கேள்வி, எத்தகைய வாளைக் கொண்டு பயில்வது என்பதாகும். வாளின் வரலாறு, நூல்களின் கற்பிக்கும் முறை, இன்றைய பயிற்சி வாளின் அமைப்பு என்னும் மூன்று நிலைகளில் அக்கேள்வியை ஆராய்வது இச்சொற்பொழிவின் நோக்கம்.

இருகை வாள் என்னும் பெயரின்கீழ் இரண்டு வேறு கருவிகள் அடங்குகின்றன. முதலாவது நெடுவாள், இது ஏறத்தாழ 1.2 முதல் 1.3 மீட்டர் நீளமும், 1.2 முதல் 1.8 கிலோ வரை எடையும் உடையது. இடுப்பில் உறையிட்டு அணியத்தக்கது. தேவைப்பட்டால் ஒரு கையாலும் வீசத்தக்கது. 14ஆம் நூற்றாண்டில் தகட்டுக் கவசம் மேம்பட்டுக் கேடயத்தின் தேவை குறைந்தபோது, விடுபட்ட இடக்கையும் வாளின் பிடிக்கு வந்து சேர்ந்ததால் இவ்வகை பரவியது. இரண்டாவது பெருவாள், இது 1.5 முதல் 1.8 மீட்டர் வரை நீளமும், போருக்கு உரியதாயின் பெரும்பாலும் 2 முதல் 3.5 கிலோ வரை எடையும் உடையது. இடுப்பில் அணிய இயலாமல் தோளில் சாத்தியே எடுத்துச் செல்லப்பட்டது. இத்தாலியர் இதை ஸ்பதோனே என்றும், ஸ்பெயின் நாட்டவரும் போர்ச்சுக்கீசியரும் மொந்தாந்தே என்றும் அழைத்தனர். இவ்விரு வகைகளையும் வேறுபடுத்தாமல் ஒன்றாகக் கருதுவதே இன்றைய பயிற்சியில் நேரும் குழப்பங்கள் பலவற்றுக்கும் மூலமாகும்.

பெருவாளின் உறுப்புகளைச் சற்று விரிவாகக் காண்பது பின்வரும் செய்திகளை விளங்கிக்கொள்ள உதவும். அலகு என்பது வெட்டும் பகுதி. அலகும் பிடியும் சேருமிடத்தில் குறுக்காக நிற்கும் இரும்புச் சட்டம் குறுக்குக் காப்பு. பிடியின் இறுதியில் உள்ள கனத்த உருண்டை குமிழ். அது கை நழுவாமல் காப்பதோடு அலகின் கனத்துக்கு எதிர்க்கனமாகவும் நின்று வாளின் சமநிலையைத் தீர்மானிக்கிறது. ஜெர்மானியப் பெருவாள்கள் பலவற்றில், குறுக்குக் காப்பை ஒட்டிய அலகின் அடிப்பகுதி தீட்டப்படாமல் மழுங்கலாக விடப்பட்டு, சில வேளைகளில் தோலும் சுற்றப்பட்டிருக்கும். ரிக்காசோ எனப்படும் இப்பகுதியை ஒரு கையால் பற்றி, நெருங்கிய சண்டையில் வாளைக் குறுக்கிப் பயன்படுத்த முடியும். அதற்கு மேலே அலகின் இரு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் கொம்பு போன்ற முனைகள், வழுக்கி வரும் எதிரியின் அலகைத் தடுத்து அக்கையைக் காக்கின்றன. நெளிவு நெளிவாக அமைந்த அலகுகளும் உண்டு. அந்நெளிவின் மீது உரசிச் செல்லும் வாளில் அதிர்வு எழும் என்றாலும், அவ்வடிவத்தில் அழகுணர்வின் பங்கே மிகுதி.

ஜெர்மானியக் கூலிப்படையினரான லாண்ட்ஸ்க்னெக்ட் வீரர்களோடு பெருவாளின் புகழ் பிணைந்துள்ளது. 1480களின் இறுதியில் முதலாம் மாக்சிமிலியன் உருவாக்கிய இக்காலாட்படையின் அடிப்படை நீண்ட ஈட்டி ஏந்திய அணி. அவ்வணியில் சாதாரண வீரனுக்கு மாதம் 4 குல்டன் ஊதியமாக இருக்க, கூடுதல் ஆபத்தை ஏற்கும் தேர்ந்த வீரர்கள் இரட்டை ஊதியம் பெற்றனர். பெருவாள் ஏந்தியோர் அத்தகையோரைச் சேர்ந்தவர்கள். எதிரணியின் ஈட்டிக் காம்புகளைப் பெருவாளால் வெட்டி வீழ்த்தியவாறு அவர்கள் முன்னேறினர் என்னும் செய்தி மேற்கோளாகத் திரும்பத் திரும்பக் கூறப்படினும், அதற்குரிய சான்றுகள் வலுவானவை அல்ல. கொடியைச் சூழ்ந்து நின்று காப்பதும், அணி குலைந்த இடத்தில் ஒருவனே பலரைத் தள்ளி நிறுத்துவதும் அவ்வாளின் பணிகள் என்பதற்கு அக்கால நூல்களிலேயே ஆதாரம் உண்டு. இத்தாலிய ஆசான் ஜாகோமோ தி கிராஸ்ஸி 1570இல் வெனிஸில் வெளியிட்ட நூலில், ஒருவன் பலரை எதிர்க்க ஏற்ற கருவி இதுவே என்பதால் கொடிக்காவலில் இது வைக்கப்படுகிறது என்று விளக்குகிறார்.

எடை பற்றிய தவறான எண்ணத்துக்கு ஊர்வல வாள்களே முதன்மைக் காரணம். 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் போர்க்களத்தில் பெருவாளின் பயன் குன்றியபோது, அரசவைக் காவலர் அதை அணிவகுப்புச் சின்னமாக ஏந்தத் தொடங்கினர். 1570களில் பிரவுன்ஷ்வைக் கோமகன் ஜூலியஸின் காவலருக்காகச் செய்யப்பட்ட வாள்கள் இவ்வகைக்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு. காண்போரை வியக்கச் செய்வதே நோக்கமாதலால் அவை போர் வாளைக் காட்டிலும் நீளமாகவும் கனமாகவும் அமைந்தன. நெதர்லாந்தின் லேவார்டன் நகர அருங்காட்சியகத்தில், ஃபிரீசியக் கிளர்ச்சித் தலைவர் பியர் கெர்லோப்ஸ் டோனியாவுக்கு உரியதாக மரபு கூறும் வாள் 2 மீட்டருக்கு மேல் நீளமும் 6 கிலோவுக்கு மேல் எடையும் உடையது. இத்தகைய விதிவிலக்கை அளவுகோலாகக் கொண்டு பயிற்சி வாள் செய்பவர், எந்த ஆசானும் கற்பிக்காத ஒரு கலைக்குரிய கருவியையே செய்தவராவார்.

வாட்கலையை எழுத்தில் வடித்த மரபு நெடுவாளிலிருந்தே தொடங்குகிறது. 14ஆம் நூற்றாண்டினராகக் கருதப்படும் ஜெர்மானிய ஆசான் யோஹன்னஸ் லீஷ்டெனவரின் பாடங்கள், வெளியாருக்கு விளங்காத சுருக்கச் செய்யுள்களாக அமைந்தவை; அவற்றுக்குப் பிற்கால ஆசான்கள் எழுதிய உரைகளே இன்று பொருள் தருகின்றன. இத்தாலியில் ஃபியோரே தெய் லிபெரி 15ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் படங்களுடன் தொகுத்த நூல், மல்யுத்தம் தொடங்கிக் குதிரைமேல் போர் வரை எல்லாவற்றையும் ஒரே முறைமைக்குள் கொண்டுவந்தது. அதே நூற்றாண்டின் 1480களில் ஃபிலிப்போ வாதி ஊர்பினோக் கோமகனுக்குப் படைத்த நூல், வாளை நிலத்தில் ஊன்றினால் அதன் குமிழ் ஏந்துபவனின் அக்குளை எட்ட வேண்டும் என்று அளவு கூறுகிறது. மீட்டரையும் கிலோவையும் அறியாத அவ்வாசான் வாளின் நீளத்தை ஏந்துபவனின் உடலாலேயே அளந்தார் என்பது, வாள் ஆளுக்கு ஆள் மாற வேண்டிய கருவி என்பதை உணர்த்துகிறது.

இக்கலை ஏட்டளவில் நில்லாமல் நிறுவனமாகவும் வளர்ந்தது. புனித மாற்கின் பெயரால் அமைந்த ஜெர்மானிய வாட்போர்ச் சங்கத்துக்குப் பேரரசர் மூன்றாம் ஃபிரடெரிக் 1487இல் உரிமைப் பட்டயம் வழங்கினார். ஃபிராங்க்ஃபர்ட் நகரில் அச்சங்கத்தார் நடத்திய தேர்வில் வென்றோரே நெடுவாள் ஆசான் என்னும் பட்டத்துக்கு உரியராயினர். அதற்குப் போட்டியாக மற்றொரு சங்கம் 1570இல் பிராகாவில் தோன்றியது. நகரச் சதுக்கங்களில் கைவினைஞர்கள் பொதுமக்கள் முன் ஆடிய போட்டிகளில், தலையின் உயர்ந்த இடத்தில் குருதி வரச் செய்தவனே வென்றவனாகக் கருதப்பட்டான். முகக்காப்பு அறியப்படாத அக்காலத்தில் இவ்வாறு ஆடியும் உயிர்ச்சேதம் பெருகாமல் இருந்ததற்குக் காரணங்களுள் முதன்மையானது, அவர்கள் கைக்கொண்ட பயிற்சி வாளின் அமைப்பு.

ஃபெடர் என்று இன்று அழைக்கப்படும் அப்பயிற்சி வாள் அக்காலத்தவரின் நுட்பமான கண்டுபிடிப்பு. ஸ்ட்ராஸ்பர்க்கில் வாழ்ந்த கத்திக் கொல்லரும் வாட்போர் ஆசானுமான யோவாகிம் மாயர் 1570இல் வெளியிட்ட பெருநூலின் படங்களில் அதைத் தெளிவாகக் காணலாம். அதன் அலகு ஒடுங்கியது, வளையக்கூடியது, விளிம்பு மழுங்கியது. குறுக்குக் காப்பை ஒட்டி மட்டும் அலகு திடீரென அகன்று ஒரு சிறு கேடயம் போல் விரிந்திருக்கும். அலகின் நுனிப் பக்கத்திலிருந்து குறைத்த உலோகம் கைப்பக்கம் சேர்க்கப்பட்டதால், மொத்த எடை போர் வாளை ஒத்திருந்தபோதும் நுனியின் கனம் குறைந்து, தாக்கு மென்மையாயிற்று. அவ்வாளிலும் குத்து ஆபத்தாகவே இருந்தமையால், ஜெர்மானியப் பள்ளிகளின் நட்புப் போட்டிகளில் நெடுவாளால் குத்துவது மாயரின் காலத்துக்குள் வழக்கொழிந்திருந்தது. கருவியை ஓரளவும் விதியை ஓரளவும் மாற்றி அவர்கள் ஒரு சமநிலையை எட்டினர் என்பது இதனால் விளங்கும்.

பெருவாளுக்கு இத்தீர்வு பொருந்தவில்லை. நுனிக் கனத்தைக் குறைத்த பெருவாள், பெருவாளாக இயங்குவதில்லை; ஏனெனில் அதன் கலை முழுவதும் சுழற்சியின் வேகத்தைச் சிதறவிடாமல் ஒரு வீச்சிலிருந்து அடுத்த வீச்சுக்குக் கடத்துவதிலேயே அடங்கியுள்ளது. எனவே பெருவாள் ஆசான்கள் கருவியை மாற்றாமல் பயிலும் முறையை மாற்றினர். பொலோஞ்ஞா மரபின் ஆசான் அக்கில்லே மரோட்ஸோ 1536இல் வெளியிட்ட நூலின் மூன்றாம் பகுதி இருகை வாளுக்கு உரியது. அதில் பாடங்கள் தனித்தனி உத்திகளாக இல்லாமல், தொடக்கமும் முடிவும் உள்ள நீண்ட அடவுத் தொடர்களாகக் கோக்கப்பட்டுள்ளன. மாணவன் ஒரு நிலையிலிருந்து வெட்டி மறு நிலைக்குச் சென்று, அங்கிருந்து அடுத்த வெட்டை எடுக்கும்போது, வாளின் கனமே அவனது காலடியை வழிநடத்துகிறது. தனியே ஆடிப் பழகத்தக்க இவ்வமைப்பு, எதிராளியைக் காயப்படுத்தாமல் கனமான வாளைக் கைவசப்படுத்தும் வழியாகவும் அமைந்தது.

இம்முறையின் முழுமையான வடிவத்தைப் போர்ச்சுகலில் காணலாம். படைத்தலைவரும் இளவரசர் தியோதோசியோவின் வாட்கலை ஆசானுமான தியோகோ கோமெஸ் தெ ஃபிகெய்ரேதோ, 1651ஆம் ஆண்டு மே 10ஆம் நாள் தம் மாணவருக்கு அளித்த குறிப்பேடு, மொந்தாந்தே பயிற்சியை 16 எளிய விதிகளாகவும் 16 கூட்டு விதிகளாகவும் வகுக்கிறது. இங்கு விதி என்பது கட்டளையைக் குறிக்காமல், குறித்த ஒரு சூழலுக்கென அமைத்த அடவைக் குறிக்கிறது. ஒடுங்கிய தெருவில் முன்னும் பின்னும் வருவோரை எதிர்க்க ஒரு விதி, அகன்ற தெருவுக்கு மற்றொன்று, கப்பலின் நடுவே செல்லும் குறுகிய நடைபலகைக்கு ஒன்று, கேடயம் ஏந்தியவரை எதிர்க்க ஒன்று, பெண்ணொருத்தியைக் காத்து நிற்க ஒன்று, சண்டையிடுவோரை விலக்கிவிட ஒன்று என அவை விரிகின்றன. இவற்றுள் பலவற்றில் எதிரியைக் கொல்வதைக் காட்டிலும், குறித்த ஓர் இடத்துக்குள் எவரையும் நுழையவிடாமல் தடுப்பதே நோக்கம். பெருவாளை இடத்தைக் காக்கும் கருவியாக நோக்கினால்தான் அதன் நீளத்துக்கும், ஓயாத சுழற்சிக்கும், காலடிகளின் ஒழுங்குக்கும் பொருள் கிடைக்கிறது.

17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியே இம்மரபின் கடைசிக் கட்டம் எனலாம். பிரான்செஸ்கோ அல்ஃபியேரி 1653இல் படோவாவில் வெளியிட்ட நூலில் ஸ்பதோனேவுக்கு இடமளித்தார். அதற்குப்பின் துப்பாக்கியும் மெல்லிய ஒருகை வாளும் களத்தையும் பள்ளியையும் முறையே கைப்பற்றிக்கொள்ள, ஆசானிடமிருந்து மாணவனுக்குச் செல்லும் தொடர்ச்சி அறுந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் எகர்ட்டன் காசில் 1885இல் வாட்கலை வரலாற்றை எழுதியும், ஆல்ஃபிரட் ஹட்டன் 1892இல் பழைய படைக்கலப் பயிற்சிகளைத் தொகுத்து வெளியிட்டும் ஆர்வத்தைத் தூண்டினர். 1990களுக்குப்பின் நூலகங்கள் தம் சுவடிகளின் படிமங்களைப் பொதுப் பார்வைக்கு வைத்தமையால், நூலைப் படித்து, உடலால் செய்து பார்த்து, மீண்டும் நூலுக்குத் திரும்பும் இன்றைய முறை வேரூன்றியது. உயிருள்ள ஆசான் இல்லாத இக்கலையில், நூலின் சொல் ஐயத்துக்கு இடமாகும்போது சான்று கூற வல்லது கையிலுள்ள வாள் ஒன்றே. அவ்வாள் அளவில் பிழையாக இருந்தால் அதன் சான்றும் பிழையாகிவிடும்.

ஆகவே பயிற்சி வாளில் எவற்றைக் காக்க வேண்டும், எவற்றை மாற்றலாம் என்பதைப் பகுத்தறிய வேண்டியுள்ளது. காக்க வேண்டியவற்றுள் முதலாவது கனம் பரவியிருக்கும் முறை. ஒரே எடையும் ஒரே நீளமும் உடைய இரண்டு வாள்களுள், அலகு அடியில் தடித்து நுனி நோக்கிப் படிப்படியாக மெலிந்திருப்பது எளிதில் திரும்பும். அடி முதல் நுனி வரை ஒரே தடிமனாக இருப்பது இரும்புப் பாளம் போல் கையை இழுத்துச் செல்லும். பழைய கொல்லர்கள் இம்மெலிவை மிகக் கவனமாக அமைத்துள்ளனர். மலிவான நகல்களில் அது கைவிடப்படுவதால், எடையளவில் சரியாக இருக்கும் வாளும் நூல் கூறும் அசைவுகளுக்கு இணங்காமல் போகிறது. எனவே வாங்குவோர் எடையை மட்டும் கேட்காமல், குறுக்குக் காப்பிலிருந்து எவ்வளவு தொலைவில் சமநிலைப் புள்ளி உள்ளது என்பதையும், அலகின் தடிமன் அடியிலும் நடுவிலும் நுனியிலும் எவ்வளவு என்பதையும் கேட்டறிவது இன்றியமையாதது.

இரண்டாவது அலகின் விறைப்பு. நெடுவாள் கலையில் இரு அலகுகளும் மோதி ஒட்டி நிற்கும் கணத்தைப் பிணைப்பு என்பர்; அக்கணத்தில் எதிராளி அழுத்துகிறானா தளர்கிறானா என்பதை வாள் வழியே கையால் உணர்ந்து அடுத்த செயலைத் தேர்வதே லீஷ்டெனவர் மரபின் உயிர்நாடி. அளவுக்கு மீறி வளையும் அலகு அவ்வழுத்தத்தைத் தானே விழுங்கிவிடுவதால், மாணவன் பொய்யான செய்தியையே உணர்கிறான். மாறாக, சிறிதும் வளையாத அலகு குத்தும்போது எதிராளியின் விலா எலும்பை முறிக்கக்கூடும். மரத்தாலும் நைலானாலும் செய்யப்பட்ட வாள்கள் தொடக்க நிலையினருக்குச் செலவு குறைந்தவை என்றாலும், அவை மோதும்போது வழுக்கியோ துள்ளியோ விலகுவதால் பிணைப்பைக் கற்பிக்க அவற்றால் இயலாது.

மாற்றத்தக்கவை விளிம்பும் நுனியும் உலோகமும். பயிற்சி வாளின் விளிம்பு ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் தடிமனில் உருட்டி மழுக்கப்படுகிறது. நுனி தட்டி அகலப்படுத்தப்பட்டோ பின்னோக்கிச் சுருட்டப்பட்டோ, அதன்மேல் தோலோ ரப்பரோ பொதியப்படுகிறது. உலோகத்தைப் பொறுத்தவரை, குரோமியமும் வனேடியமும் சிறிதளவு கலந்த 51சிஆர்வி4 என்னும் சுருள்வில் எஃகு பரவலாகப் பயன்படுகிறது. அதைச் செஞ்சூட்டில் காய்ச்சி எண்ணெயில் தோய்த்துக் கடினமாக்கியபின், மிதமான சூட்டில் மீண்டும் வைத்துப் பதப்படுத்துவர். கடினம் மிகுந்தால் அலகு ஒடியும், குறைந்தால் வளைந்தபடியே நின்றுவிடும் என்பதால், ராக்வெல் அளவையில் 50ஐ ஒட்டிய கடினமே விரும்பப்படுகிறது. இம்மாற்றங்களுக்கும் விலை உண்டு. கூர்மையான இரு அலகுகள் மோதும்போது ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும் இயல்பு மழுங்கிய அலகுகளில் இல்லையாதலால், நூல்களின் சில பகுதிகளை விளக்கும்போது இவ்வேறுபாட்டை நினைவில் கொள்ள வேண்டும்.

அடுத்ததாக எண்ணத்தக்கது பாதுகாப்புக் கவசம். விளையாட்டு வாட்போரின் முகக்காப்புகளும் மேலாடைகளும் 350, 800, 1600 நியூட்டன் என்னும் எண்களால் தரம் பிரிக்கப்படுகின்றன. இவ்வெண்கள் உடைந்த அலகின் கூர்முனை துணியைத் துளைக்காமல் தடுக்கும் ஆற்றலை அளப்பவை. கனமான வாள் தலையில் விழும்போது மூளை குலுங்குவதையும், விரல் எலும்பு நசுங்குவதையும் அவை அளப்பதில்லை. நெடுவாள் பயிற்சியாளர் முகக்காப்பின் மேல் கூடுதல் பொதியுறையும், தலையின் பின்புறக் காப்பும், கழுத்துக் காப்பும், விரல்களைக் கடின ஓட்டால் மூடும் கையுறைகளும் அணிவதற்கு இதுவே காரணம். பெருவாளிலோ இக்கவசங்களும் போதுமானவை ஆகா. தாக்கின் ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்வதாலும், நீண்ட அலகின் நுனி மிகப்பெரிய வட்டத்தில் விரைவதாலும், 2.5 கிலோ எடையுள்ள வாளின் முழு வீச்சைக் கவசத்தால் மட்டும் தாங்கிக்கொள்ள நினைப்பது தவறு.

நூல்களின் வரலாறும் கருவியின் இயல்பும் இங்கு ஒரே முடிவை நோக்கி இட்டுச் செல்கின்றன. துல்லியமும் பாதுகாப்பும் பெருவாளில் ஒன்றோடொன்று முரண்படுகின்றன. வாளை இலேசாக்கினால் கலை சிதைகிறது, உரிய கனத்தோடு வைத்துக் கட்டற்ற போட்டி ஆடினால் உடல் சிதைகிறது. இம்முரணை நீக்கும் வழியை மரோட்ஸோவும் ஃபிகெய்ரேதோவும் ஏற்கெனவே காட்டியுள்ளனர். முதலில் தனியாளாக அடவுகளைப் பயின்று, வாளை எந்த இடத்திலும் நிறுத்தவும் திசைமாற்றவும் கைவந்தபின், முன்கூட்டியே வகுத்த வெட்டுகளைத் துணைவரோடு தொலைவு காத்துத் தாழ்ந்த வேகத்தில் ஆடுவதே அவ்வழி. கட்டற்ற போட்டிக்கு விருப்பம் இருப்பின் அதற்கு நெடுவாளின் ஃபெடர் உள்ளது. அது அதற்கென்றே பிறந்த கருவி.

பயிலும் களத்துக்கும் சில ஒழுங்குகள் தேவை. வாளின் நீளத்தோடு கைநீளமும் ஒரு காலடியும் சேர, ஆடுபவரைச் சுற்றி எத்திசையிலும் குறைந்தது 3 மீட்டர் இடம் வெறுமையாக இருத்தல் வேண்டும். தலைக்குமேல் வீச்சுகள் உள்ளமையால் தாழ்ந்த கூரையுள்ள அறைகள் ஏற்றவை ஆகா. ஒவ்வொரு பயிற்சிக்கு முன்னும் அலகில் வெடிப்பு உள்ளதா, குறுக்குக் காப்பு ஆடுகிறதா, குமிழ் தளர்ந்துள்ளதா என்று பார்க்க வேண்டும். மோதலில் விளிம்பில் எழும் பிசிறுகளை அரத்தால் தேய்த்து நீக்காவிட்டால் அவை கையுறையையும் தோலையும் கிழிக்கும். பயிற்சி முடிந்ததும் வியர்வையைத் துடைத்து எண்ணெய் பூசாவிடில், சுருள்வில் எஃகு விரைவில் துருப்பிடித்து, அத்துருப் புள்ளிகளிலிருந்தே வெடிப்பு தொடங்கக்கூடும்.

இக்கலையில் புதிதாக நுழைவோர் வாளை முதலில் வாங்கிவிட்டு அதற்கேற்ற நூலைப் பின்னர் தேடுவது பெருவழக்காக உள்ளது. இவ்வரிசை மாற வேண்டும். எந்த ஆசானின் நூலைப் பயில விரும்புகின்றனர் என்பதை முதலில் தீர்மானித்து, அந்நூல் நெடுவாளைக் கூறுகிறதா பெருவாளைக் கூறுகிறதா என்று அறிந்து, அதன் படங்களும் அளவுகளும் காட்டும் விகிதத்துக்கும் தம் உடல் உயரத்துக்கும் ஏற்ற வாளையே அவர்கள் தேர்ந்தெடுத்தல் வேண்டும். பெருவாளைத் தேர்ந்தோர் எதிராளியைத் தேடுமுன், ஃபிகெய்ரேதோவின் 16 எளிய விதிகளையும் தனியே ஆடித் தேர்ச்சி பெறுதல் வேண்டும்.